கண்ணாடிக்கு அந்தப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

அருங்காட்சியகப் பொருள்களை வி.ஆரில், அதாவது நிஜம்போலவே கண்முன் தெரியும் மெய்நிகர் காட்சியில், காட்டுவது பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைக் கட்டாகக் கட்டி, "நீங்களே பதில் எழுதிவிடுங்கள்" என்று ஆசிரியர் குழு என்னிடமே அனுப்பிவிட்டது. முதல்முறை படிப்பவர்களுக்காக: நான் இருபத்திரண்டு வருடம், அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தவள். ஒன்பது வருடமாகப் பென்சில் போய் கேமரா வந்திருக்கிறது. அதே ஓடுகளைத் தலையில் மாட்டும் வி.ஆர். கருவிக்குள் கொண்டுபோய் வைப்பதுதான் இப்போது வேலை.

கேள்வி: புத்தகத்தில் நல்ல கலர் படம் இருக்கிறது. கணினியில் முப்பரிமாண மாதிரியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம். அப்புறம் எதற்குத் தலையில் ஒரு பெட்டியை மாட்டிக்கொள்ள வேண்டும்?

மொகஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த வெண்கல நடன மங்கை எவ்வளவு உயரம் இருப்பாள்? தரையிலிருந்து கையால் அளந்து காட்டுங்கள். இதைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். முழங்கால் வரை காட்டுவார்கள், சிலர் இடுப்புக்கே கையைக் கொண்டுபோவார்கள். அவள் பத்தரை சென்டிமீட்டர். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம். ஆஸ்திரியாவில் கிடைத்த வில்லண்டார்ஃப் வீனஸ் என்ற கற்காலச் சிலையும் 11 சென்டிமீட்டர்தான். எகிப்தில் கிடைத்த ரொசெட்டா கல்வெட்டோ 112 சென்டிமீட்டர் உயரம், 760 கிலோ எடை. பாடப்புத்தகத்தில் மூன்றும் ஒரே அளவுக் கட்டத்துக்குள் அச்சாகியிருக்கும். கணினித் திரையிலும் அதே கட்டம்தான், என்ன, சுழலும்.

படம் தொலைப்பது முதலில் அளவைத்தான். வி.ஆர். அதை மீட்டுத் தருகிறது. நம் இரண்டு கண்ணுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இடைவெளி இருக்கிறது. அதற்கேற்ப இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம். இந்த வித்தை பழசு. இப்படி இரண்டு படம் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் கருவி பற்றி ஆங்கிலேய விஞ்ஞானி வீட்ஸ்டன் 1838இலேயே விளக்கிவிட்டார். தலையை அசைத்தால் காட்சியும் சேர்ந்து மாறுவது பிறகு வந்தது, அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லண்ட் 1968இல் அதைச் செய்து காட்டினார். இரண்டும் சேர்ந்தால், எதிரே இருக்கும் பொருள் எவ்வளவு பெரிசு என்று மூளை தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். அதனால் நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: பொருளை முதலில் அதன் நிஜ அளவில்தான் காட்டுவேன். கட்டைவிரல் நகம் அளவு மணியை எடுத்த எடுப்பிலேயே சுவர் அளவுக்கு ஊதிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மணியைப் பற்றிப் பார்த்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இன்னொன்று வெளிச்சம். மெசபடோமியக் களிமண் பலகைகளின் ஆப்பு எழுத்து, நேர் வெளிச்சத்தில் கோழி கிளறிய மண் போலத் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால்தான் ஒவ்வொரு குத்துக்கும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். அருங்காட்சியகத்தில் விளக்கு கூரையில் அசையாமல் இருக்கிறது, பலகை கண்ணாடிக்குள் அசையாமல் இருக்கிறது, நாம்தான் கழுத்தை ஒடித்துக்கொள்கிறோம். வி.ஆரில் பார்க்கிறவர் கையிலேயே ஒரு டார்ச் கொடுத்துவிடலாம். நான் செய்ததிலேயே யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்காத ஒரே விஷயம் இந்த டார்ச்.

கேள்வி: பழைய நகரத்தையே எழுப்பி அதற்குள் நடக்கவிடுகிறார்களாமே, ஒற்றைப் பானையைக் காட்டுவதைவிட அதுதானே சுவாரசியம்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் முதல் வேலையில் ஒரு முழுத் தெருவைக் கட்டினோம். இரண்டு பக்கமும் வீடுகள், கிணறு, மாலை வெயில், பறவைச் சத்தம். பதினோரு மாத உழைப்பு. அந்தத் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில், உண்மையாகவே தோண்டி எடுத்த ஒரு அகல் விளக்கின் ஸ்கேனை வைத்திருந்தோம். தெரு முழுவதும் எங்கள் கற்பனை, விளக்கு மட்டும் நிஜம்.

பார்த்துவிட்டு வந்தவர்களிடம் கேட்டோம். வானம் அழகு என்றார்கள். ஒருவர் தன் கால் தெரியவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். விளக்கை ஒருத்தர்கூடப் பார்த்திருக்கவில்லை.

அடுத்த முறை தெருவைத் தூக்கிப் போட்டேன். இருட்டு அறை, ஒரு மேசை, மேசைமேல் அந்த விளக்கு, கையில் டார்ச். அவ்வளவுதான். விளக்கின் மூக்கில் கரி பிடித்திருப்பதை ஒரு பையன் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டு, "இதை நிஜமாவே ஏத்தியிருக்காங்க!" என்று கத்தினான்.

முழு இடத்தைக் கட்டுவது தப்பென்று சொல்லவில்லை. ரோமில் நீரோவின் அரண்மனையான டோமுஸ் ஔரியா இன்று மண்ணுக்கடியில் இருக்கிறது. ஈரமும் இருட்டுமான கூடங்கள். அங்கே 2017 முதல், பார்வையாளர்கள் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து கருவியை மாட்டிக்கொண்டால், மண் விலகி வெளிச்சமும் தோட்டமும் தெரியும்படி செய்திருக்கிறார்கள். அது வேலை செய்கிறது. நிஜமான சுவர் பக்கத்திலேயே இருக்கிறது, முதுகில் அந்தக் குளிரும் உறைக்கிறது.

கேள்வி: எனக்கு 63 வயது. ஒருமுறை மாட்டிப் பார்த்துத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். வயதுதான் காரணமா?

வயதின் மேல் பழி போடாதீர்கள், பெரும்பாலும் செய்தவர்கள் மேல்தான் தப்பு. கண் "நடக்கிறேன்" என்கிறது, உள்காது "உட்கார்ந்திருக்கிறேன்" என்கிறது. இந்தச் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. தலையைத் திருப்பியதற்கும் காட்சி மாறுவதற்கும் நடுவே தாமதம் இருந்தாலும் வரும். அந்தத் தாமதம் சுமார் 20 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

தொல்பொருள் காட்ட ஆளை நகர்த்தவே வேண்டாம். அவர் நாற்காலியில் இருக்கட்டும், பொருள் அவரிடம் வரட்டும். அடுத்த முறை "இதில் நான் நகர்வேனா, பொருள் நகருமா?" என்று கேட்டுவிட்டு மாட்டிக்கொள்ளுங்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவரானால், அதற்கான இடைவெளி வளையம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல இடங்களில் டப்பாவிலிருந்து அதை வெளியே எடுத்திருக்கவே மாட்டார்கள்.

கேள்வி: ஒரு பானை ஓடு எப்படி வி.ஆருக்குள் போகிறது? எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

இப்படி யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன்.

போன மாதம் செய்ததையே சொல்கிறேன். உள்ளங்கை அளவு ஓடு, பானை விளிம்பின் ஒரு துண்டு. அதைச் சுழலும் தட்டில் நிறுத்தினேன். பக்கத்தில் அளவுகோல் பட்டை, நிற அட்டை. கேமரா அசையாது. தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஒரு சுற்று, கேமராவை உயர்த்தி இன்னொரு சுற்று, ஓட்டைக் கவிழ்த்துப்போட்டு மறுபடி இரண்டு சுற்று. மொத்தம் 140 படங்கள். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் பெரும்பகுதி மறுபடி வந்திருக்க வேண்டும். மென்பொருள் ஒரே புள்ளியைப் பல படங்களில் அடையாளம் கண்டுபிடித்து, கேமரா எங்கெங்கே இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்தப் புள்ளிக்கு இடம் குறிக்கும். அப்படி லட்சக்கணக்கான புள்ளிகள். அவற்றை முக்கோணங்களால் இணைத்தால் மேற்பரப்பு வந்துவிடும், அதன்மேல் புகைப்படத்தின் நிறத்தைப் போர்த்த வேண்டும். அளவுகோல் பட்டையை மறந்தால் எல்லாம் அழகாக வரும், அளவு மட்டும் தெரியாது. மேலே சொன்ன நடன மங்கை கதைதான்.

தங்கம், கண்ணாடி, மெருகு ஏறிய கறுப்பு மட்கலம் எல்லாம் இந்த முறைக்குப் பரம எதிரிகள். தட்டு திரும்பத் திரும்பப் பளபளப்பும் இடம் மாறும். அதைப் புள்ளி என்று நம்பி மென்பொருள் ஏமாந்துபோகும். பளபளப்பை வெட்ட விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் என்ற ஒளி வடிகட்டியைப் போடுவோம். அதற்கும் அடங்காத பொருள்கள் உண்டு.

சரி, மாதிரி வந்துவிட்டது. அதில் 40 லட்சம் முக்கோணங்கள். தலையில் மாட்டும் கருவி நொடிக்கு 90 தடவை, அதுவும் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக வரைய வேண்டும். ஒரு தடவைக்குக் கிடைப்பது 11 மில்லிநொடி. அது தாங்காது. எனவே முக்கோணங்களை 80 ஆயிரமாகக் குறைத்துவிட்டு, இழந்த நுணுக்கங்களை ஒரு படமாக மேலே ஒட்டுவோம். வெளிச்சம் படும்போது மேடு பள்ளம் இருப்பதுபோலவே தெரியும்.

எங்கே எவ்வளவு குறைப்பது என்று முடிவெடுப்பதுதான் கஷ்டம். இந்த ஓட்டின் உட்புறம் சக்கரத்தில் வனையும்போது விழுந்த வரிகள் இருந்தன, ஒன்றுக்கொன்று இணையாக. விளிம்புக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் அந்த வரிகள் கலைந்திருந்தன. ஈரப் பானையைச் சக்கரத்திலிருந்து எடுத்தபோது கட்டைவிரல் அழுந்தி, கொஞ்சம் வழுக்கியிருக்கிறது. மென்பொருளை அதன் இஷ்டத்துக்கு விட்டால் அதை "சீரற்ற பரப்பு" என்று மழித்துவிடும். முதல் தடவை மழித்தும்விட்டது. பென்சிலால் இருபத்திரண்டு வருடம் வரைந்ததால் அது கண்ணில் பட்டது. அந்த இடத்தை மட்டும் குறைக்காமல் விட்டுவிட்டேன். இப்போது வி.ஆரில் அந்த ஓட்டைப் பார்க்கிறவர்கள் டார்ச்சைச் சாய்த்ததும், பெரும்பாலும் தங்கள் கட்டைவிரலைக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்தில் வைக்கிறார்கள்.

கேள்வி: உடைந்த சிலைக்கு மூக்கு வைப்பது, போன நிறத்தைப் பூசுவது எல்லாம் பொய் இல்லையா?

எது நிஜம், எது ஊகம் என்று சொல்லாவிட்டால் பொய்தான்.

கிரீட் தீவின் நாசோஸ் அரண்மனையை ஆர்தர் எவன்ஸ் 1900இல் தோண்டத் தொடங்கினார். தன் ஊகத்தின்படி பல பகுதிகளைக் கான்கிரீட்டாலேயே திரும்பக் கட்டிவிட்டார். அங்கே கிடைத்த சுவரோவியத் துண்டுகளைச் சேர்த்து உருவாக்கிய 'லில்லி இளவரசன்' மிகப் பிரபலம். கிரீடம், உடல், கால் எல்லாம் ஒரே உருவத்தைச் சேர்ந்தவைதானா என்று ஆய்வாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். கான்கிரீட்டைப் பிடுங்க முடியாது. வி.ஆரில் ஊகத்தை ஒரு பொத்தானை அழுத்தி எடுத்துவிடலாம். ஆனால் அந்தப் பொத்தானை வைக்கத்தான் பலருக்கு மனசு வருவதில்லை, காட்சியின் மயக்கம் கலைந்துவிடுமாம்.

இதற்கென்றே 2006இல் எழுதத் தொடங்கி 2009இல் திருத்தி வெளியிட்ட லண்டன் சாசனம் என்று ஒன்று இருக்கிறது. எந்த ஆதாரத்தை வைத்து எதைச் சேர்த்தோம், ஏன் சேர்த்தோம் என்று பதிவு செய்யுங்கள், பார்க்கிறவருக்கும் தெரியப்படுத்துங்கள் என்கிறது. நான் செய்வது எளிது. கிடைத்த துண்டு அதன் சொந்த நிறத்தில் இருக்கும், நாங்கள் சேர்த்தது மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். ரொம்பச் சந்தேகமான பகுதி வெறும் கம்பிக்கோடு. ஒருமுறை வேலை கொடுத்தவர், "எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கினால் நன்றாக இருக்குமே" என்றார். நன்றாகத்தான் இருக்கும் என்று நானும் ஒத்துக்கொண்டேன். சாம்பல் நிறத்தை மட்டும் மாற்றவில்லை.

கேள்வி: எல்லாவற்றையும் வி.ஆரிலேயே பார்த்துவிட்டால் அருங்காட்சியகத்துக்கு யார் வருவார்கள்?

சில இடங்களுக்கு யாரும் வராமல் இருப்பதே நல்லது. பிரான்ஸில் லாஸ்கோ குகை 1940இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1948இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வந்தவர்களின் மூச்சும் வியர்வையும் விளக்கின் சூடும் சேர்ந்து சுவரில் பாசி பிடித்து, 1963இல் மூடவேண்டியதாயிற்று. பதினேழாயிரம் வருடம் தாக்குப்பிடித்த ஓவியத்தைப் பதினைந்து வருடத்தில் மூச்சுவிட்டே கெடுத்துவிட்டோம். அப்புறம் 1983இல் நகல் குகை, 2016இல் இன்னும் பெரிய நகல். வி.ஆரும் இந்த வரிசையில் வருகிற ஒன்றுதான்.

பொருளே போய்விட்ட இடங்களும் உண்டு. இராக்கின் மொசூல் அருங்காட்சியகச் சிலைகளை ஐ.எஸ். தீவிரவாதிகள் உடைக்கும் காட்சிகள் 2015 பிப்ரவரியில் வெளிவந்தபோது, தன்னார்வலர்கள் சேர்ந்து, முன்பு அங்கே போய் வந்தவர்கள் எடுத்த புகைப்படங்களைத் திரட்டி அவற்றிலிருந்தே மாதிரிகள் செய்தார்கள். இந்த மாதிரி வேலையில் ஒரு சிக்கல் உண்டு. நாமெல்லாம் சிலைக்கு முன்னால் நின்றுதானே படம் எடுக்கிறோம்! முதுகுப் பக்கத்துக்குப் படமே கிடைக்காது.

பொருள் பத்திரமாக இருக்கும் இடத்தில் என் யோசனை வேறு. கருவியை வாசலில் வைக்காதீர்கள், பேழைக்குப் பக்கத்தில் வையுங்கள். முதலில் கண்ணாடி வழியே பார்க்கட்டும். பிறகு கருவியில் பார்க்கட்டும். கழற்றியதும் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். நான் பார்த்த வரை, நிறையப் பேர் திரும்பப் பேழைக்குத்தான் போகிறார்கள், மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அந்தக் கட்டைவிரல் தடத்தைத் தேடுகிறார்கள். வாசலில் வைத்த ஓரிடத்தில் பாதிப் பேர் அதை மாட்டிப் பார்த்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போனார்கள்.

கேள்வி: எங்களுடையது சிறிய அருங்காட்சியகம். நான்கு கருவிகள் நன்கொடையாக வருகின்றன. வாங்கிக்கொள்ளலாமா?

கூடவே ஒரு ஆள் வருகிறாரா என்று கேளுங்கள். நான் வேலை செய்த ஓர் இடத்தில் திறப்பு விழா தடபுடலாக நடந்தது. மூன்று மாதம் கழித்துப் போனால் கருவிகள் அலமாரியில் இருந்தன. சார்ஜ் போடுவது யார் வேலை என்று யாருக்கும் சொல்லவில்லையாம்.

கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். காட்சி ஆறு நிமிடம், மாட்டிக் கழற்றித் துடைக்க இரண்டு நிமிடம். நான்கு கருவியில் ஒரு மணி நேரத்துக்கு 30 பேர். பள்ளிப் பேருந்தில் 60 பிள்ளைகள் இறங்கினால் கடைசிப் பிள்ளைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கழித்துத்தான் முறை வரும். மாட்டியிருப்பவர் பார்ப்பதையே பக்கத்தில் ஒரு பெரிய திரையிலும் ஓடவிட்டால் வரிசை அமைதியாக இருக்கும், நிற்கிறவர்கள் "டார்ச்சை அந்தப் பக்கம் காட்டு" என்று யோசனை வேறு சொல்வார்கள். முகத்தில் படும் பஞ்சுப் பட்டை துணியாக இருந்தால் துடைக்க வராது, ரப்பர் மாதிரியானதாக மாற்றிக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு எந்த வயதிலிருந்து கொடுக்கலாம் என்று தயாரிப்பாளர் போட்டிருப்பதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: தொட்டுப் பார்க்க முடியுமா?

கைப்பிடி லேசாக அதிரும், அவ்வளவுதான். எடை வராது. பொருளின் நகலை முப்பரிமாண அச்சில் எடுத்து, அதில் இடம்காட்டும் சென்சாரைப் பொருத்தி, வி.ஆருக்குள் தெரியும் பொருளும் கையில் இருக்கும் நகலும் ஒன்றாக நகரும்படி செய்யலாம். ஒரு கல் கோடரிக்கு அப்படிச் செய்தோம். பிளாஸ்டிக் நகல் காகிதம் போல இருந்ததால் எடுத்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே மணலைக் கொட்டி நிஜக் கோடரியின் எடைக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் யாரும் சிரிக்கவில்லை, பாதிப் பேர் ஓங்கிப் பார்த்தார்கள். மேசை விளக்கு ஒன்று போயிற்று.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு மாணவி. இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

தொல்லியல் வழியாகவும் வரலாம், கணினி வழியாகவும் வரலாம், என்னைப் போலப் பென்சில் வழியாகவும் வரலாம். படிப்பை அப்புறம் யோசிப்போம். இந்த வாரம் ஒரு கல்லை எடுத்துக்கொள், கைப்பிடி அளவு, பளபளப்பு இல்லாத சொரசொரப்பான கல். முதலில் அதைத் தாளில் வரைந்து பார், எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கண்ணுக்குப் பழகும். பிறகு மேகமூட்டமான நாளில், நிழல் கடுமையாக விழாத இடத்தில் அதை வைத்து, சுற்றி வந்து செல்போனில் 60 படம் எடு. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைக்க மறக்காதே. மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருளில் அந்தப் படங்களைப் போட்டால் மாதிரி வரும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும். வந்ததைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் திறந்து சுழற்றிப் பார். அதுவும் இலவசம்தான்.

கல்லின் அடிப்பக்கம் ஓட்டையாக இருக்கும். எல்லோருக்கும் முதல் தடவை அப்படித்தான் வரும். கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டு இன்னொரு 60 எடு.